எதை முதலில் எடுப்பது

அந்தப் பெட்டி வந்த அன்று என் கணவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, சோத்து டப்பா கணக்கா இருக்கு?" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. இரும்பு உடம்பு. மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. இரண்டு பக்கமும் ஹார்ட் டிஸ்க் மாட்டுவதற்கான வாய்கள். இடப்பக்கம் பழுதானதை மாட்ட வேண்டும், வலப்பக்கம் புதியதை. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, புதியதில் அப்படியே எழுதிக்கொண்டே போகும். குளோனிங் என்பார்கள்.

மூணாறு கடைத்தெருவில் எங்களுடையது சின்னக் கடை. முன்பக்கம் அவர் கைப்பேசி விற்கிறார். தட்டிக்குப் பின்னால் கணினி பழுதுபார்க்கும் என் மேசை. மழை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் விடாத ஊர். மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். விடுதிகளின் கேமராப் பதிவுகளும் கல்லூரிப் பிள்ளைகளின் மடிக்கணினிகளும் ஏதாவது ஒரு இடியில் போய்விடும். அப்படி வருகிற டிஸ்க்குகளை முன்பெல்லாம் கொச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வரும். ஏன் கிடைக்கவில்லை, என்ன செய்து பார்த்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்த எரிச்சலில்தான் பெட்டியை வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பொத்தானை அழுத்தியதும் ஓடுகிற சாமான் இல்லை அது. ஓடுவதற்கு முன் வரிசையாகக் கேள்வி கேட்கும். எதிலிருந்து எதற்கு எழுத வேண்டும்? முழு டிஸ்க்கையும் எடுக்கவா, சில ஃபோல்டர்களை மட்டும் முதலில் எடுக்கவா? படிக்க முடியாத இடம் வந்தால் எத்தனை தடவை முயல வேண்டும்? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? முடியாவிட்டால் எவ்வளவு தூரம் தாண்டிப் போகலாம்? நல்ல டிஸ்க் என்றால் இதற்கெல்லாம் எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒன்றுதான். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அப்படியில்லை. விடாமல் முயன்று பார் என்று சொல்லிவிட்டால், ஒரே கெட்ட இடத்தில் உரசி உரசி மீதி நல்ல இடங்களையும் நாசமாக்கிவிடும். உடனே தாண்டிப் போ என்றால், இன்னொரு தடவை கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய படம் கிடைக்காமலே போகும்.

நான் மீனாட்சிபுரத்துக்காரி. வீட்டில் கறவை மாடுகள். மடிநோய் கண்ட மாட்டைக் கறக்கும்போது என் அம்மா ஒவ்வொரு பீச்சுக்கும் அதன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். பெட்டியின் அமைப்புகளைத் திருத்தும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும். டிஸ்க்குக்கு முகம் கிடையாது, சத்தம் மட்டும்தான். அதைக் காதால் கேட்டுத்தான் எவ்வளவு தாங்கும் என்று கணிக்க வேண்டும்.

ஒரு சாரல் நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எஸ்டேட் ஜீப்பிலிருந்து ஒரு தம்பதி கடை முன் இறங்கினார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. வலது கால் இழுத்தது. அவர் மனைவி தோளைக் கொடுத்து அவரைப் படியேற்றி, என் மேசை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க்.

"இவுக கல்யாண வீடியோ எடுக்கறவுக," என்றார். "எங்க எஸ்டேட்டு, பக்கத்து எஸ்டேட்டு எல்லாத்துக்கும் இவுகதான். போன வருசம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வேல பாத்துக்கிட்டு இருக்கும்போதே பக்கவாதம் வந்து சாஞ்சுட்டாக. விழும்போது வயரு கையில மாட்டி இதுவும் கூடவே சிமெண்டுத் தரையில விழுந்துருச்சு. நாங்க இவுகளத் தூக்கிட்டு ஓடுனோம். இத யாரு பாத்தா? இப்பத்தான் பீரோவுல கெடந்ததக் கொண்டாந்தேன்."

"அண்ணனுக்குப் பேச்சு வருதுங்களா?"

"நாம சொல்றதெல்லாம் புரியும். வாயில ஒரே ஒரு வார்த்ததான் வரும்."

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. என்னைப் பார்த்து, "இருக்கட்டும்," என்றார். வணக்கம் சொல்வது போல் இருந்தது.

ஆமாம், இல்லை, தண்ணீர் வேண்டும், மின்விசிறியை நிறுத்து, எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து அந்த அக்கா புரிந்துகொண்டார். முக்கால்வாசி சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

டிஸ்க்கை இடப்பக்கத்தில் மாட்டி, அதன்மேல் ஒரு எழுத்துகூட எழுதிவிடாதபடி பூட்டும் அமைப்பை முதலில் போட்டேன். பிறகு மின்சாரம் கொடுத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சுற்றியது. நடுநடுவே நகத்தால் மேசையைச் சுண்டுவது போல் ஒரு சத்தம் வந்தது. உடனே நிறுத்தினேன்.

"முன்னாடியே சொல்லிப்போடறனுங்க அக்கா," என்றேன். "இது கீழ விழுந்ததுல உள்ள அடிபட்டிருக்குது. கோயம்புத்தூர்ல பெரிய லேப் இருக்குதுங்க. திறந்து பார்ட்டு மாத்திப் பாப்பாங்க. அங்க குடுத்தா நல்லதுங்க. நான் இங்க முயற்சி பண்ணலாம். ஆனா எவ்வளவு நேரம் உசுரோட இருக்கும்னு சொல்ல முடியாதுங்க. நடுவுல நின்னு போச்சுன்னா, அப்பறம் லேப்புலயும் கஷ்டந்தானுங்க."

"நீ கோயம்புத்தூர்ப் பிள்ளையா?"

"இல்லீங்க, மீனாட்சிபுரம். பாலக்காட்டுப் பக்கம்."

அவர் கணவரைப் பார்த்தார். "இவுகளக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலைஞ்சதே போதும் தாயி. லேப்பு, கீப்புன்னு இன்னும் என்னால அலைய முடியாது. நீயே பாரு. வந்தது வரட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் இடக்கையால் பெட்டியைத் தொட்டுக் காட்டி, "இருக்கட்டும்," என்றார். இதை அக்கா விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிஸ்க்கில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் முதலில் எடுக்கச் சொன்னேன். அது கிடைத்துவிட்டது. திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் கல்யாணங்கள், சில காதுகுத்துகள், சடங்குகள், கோயில் திருவிழா. நடுவில் அவர்களின் மகள் பெயரில் ஒன்று. பெட்டி அடுத்த கேள்வியைக் கேட்டது: எதை முதலில் எடுப்பது?

அதை நான் அவர்களிடம் கேட்டேன். "எல்லாம் வரும்னு நம்ப முடியாதுங்க. மொதல்ல எடுக்கறது வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். எது வேணும்னு சொல்லுங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "எம்மவளோடது. கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்கா. அவ பொறந்ததுலேர்ந்து இவுக எடுத்ததெல்லாம் இதுலதான் கெடக்கு. வேற எங்கயும் கெடையாது."

அதே நேரத்தில் அவருடைய இடது கை திரைக்கு வந்தது. கடைசியில் இருந்த ஒரு கல்யாண ஃபோல்டரின் மேல் விரலை வைத்து, "இருக்கட்டும்," என்றார்.

"அது அப்படியே இருக்கட்டும், மகளோடத எடுன்னு சொல்றாக," என்றார் அக்கா.

நான் மகளின் ஃபோல்டரைத் தேர்வு செய்யப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நல்ல பிடி. தலையை வேகமாக ஆட்டினார். மறுபடி அந்தக் கல்யாணத்தைக் காட்டினார். "இருக்கட்டும். இருக்கட்டும்!"

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது.

"இப்பவும் கல்யாண வேலதானா? அன்னைக்கு அந்த வீடியோவ வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும்போதுதான விழுந்தீக. அந்தக் கல்யாணப் பொண்ணு இன்னும் போன் பண்ணிக்கிட்டே இருக்கு, வீடியோ எங்க, வீடியோ எங்கன்னு. நான் எடுக்கறதே இல்ல. போட்டோ ஆல்பம்லாம் குடுத்தாச்சுல்ல? பெறவென்ன?" சட்டென்று குரல் உடைந்தது. "மவளுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவா இருக்கும், நீங்க எவன் கல்யாணத்துலயாவது நிப்பீக. ஒரு தடவையாவது அவள முன்னால வைங்க."

அவர் கண்ணில் நீர் கோத்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எத்தனை தடவை முயல்வது, எவ்வளவு தாண்டுவது என்பதெல்லாம் என் வேலை. அதில் தவறினால் என் தவறு. இது அப்படியில்லை. அக்கா கேட்பது நியாயம். பெற்ற மகளின் குழந்தைப் பருவத்தைவிட யாரோ ஒருவரின் கல்யாணம் எப்படிப் பெரிதாகும்? ஆனால் அந்த விரல் ஒரு வேலைக்காரரின் பிடிவாதமாக எனக்குத் தோன்றவில்லை. எதையோ சொல்ல வருகிற மனிதரின் விரலாக இருந்தது. பேச முடிகிறவர் தன் நியாயத்தைச் சொல்லிவிட்டார். முடியாதவரிடம் விரல் மட்டும்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

"அக்கா, டிஸ்க்கு அண்ணனோடதுங்க," என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேட்ட?"

நான் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அமைப்புகளை மெதுவாகப் போட்டேன். முயற்சி ஒரே ஒரு தடவை. காத்திருக்கும் நேரம் குறைவு. படிக்க முடியாத இடம் வந்தால் கொஞ்ச தூரம் தாண்டிப் போய்விட்டு, விட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வர வேண்டும். வேகத்தையும் குறைத்தேன். அந்தக் கல்யாணத்தைத் தேர்ந்து ஓடவிட்டேன். தகரக் கூரைமேல் மழை வலுத்தது. அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சுண்டும் சத்தம் வரும்போதெல்லாம் அவருடைய நல்ல கை நாற்காலியின் கையை இறுக்கியது.

ஒவ்வொரு துண்டாக வந்து சேர்ந்தது. வந்தவை உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று பார்க்க, சிலவற்றை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். எஸ்டேட் கோயில் முன்னால் பந்தல், மேளக்காரர்கள், நாற்காலிக்குச் சண்டை போடும் பிள்ளைகள். அப்போது அக்கா திரும்பி வந்தார். கோபம் இறங்கவில்லை, ஆனால் கையில் கணவருக்கு ஒரு கிளாஸ் டீ இருந்தது. அதை ஆற்றிக்கொண்டே என் பின்னால் நின்றார்.

திரையில் ஒல்லியான ஒரு மனிதர் வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கேமரா அவரைப் பின்தொடர்ந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டார். "என்னய எதுக்குய்யா எடுக்க? அங்க எம்பிள்ளைய எடு. தாலி கட்டப் போறாக," என்றார். கேமரா நகரவில்லை. "அட, போய்யா," என்று சிரித்துவிட்டு இலைக்கட்டோடு பந்திப் பக்கம் போனார்.

பின்னால் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"இவரா," என்றார் அக்கா.

"யாருங்க அக்கா?"

"பொண்ணோட அப்பா. இவுக படுக்கையில விழுந்து கொஞ்ச நாள்ல, அவரு நெஞ்சு வலின்னு போயிட்டாரு. ஃபேக்டரியில வேல பாத்துக்கிட்டு இருந்தவரு. கேதத்துக்கு நாந்தான் போனேன். வந்து இவுககிட்டச் சொன்னேன்." கணவரைப் பார்த்தார். "நாந்தான் சொன்னேன். சொல்லிட்டு மறந்துட்டேன். அந்தப் பிள்ள வீடியோ கேட்டுப் போன் பண்ணும்போதெல்லாம், வேல முடியலன்னு சத்தம் போடத்தான் கூப்பிடுதுன்னு நெனச்சேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. படுக்கையில் கிடந்தபோது அந்தச் சாவைக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் நடந்ததும் பேசியதும் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாய் இல்லை. அத்தனை மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

அக்கா டீயை அவர் வாயருகே பிடித்தார். "குடிங்க," என்றார். பிறகு என்னிடம், "அது முடியட்டும். பெறகு எம்மவளோடது," என்றார்.

கல்யாணம் ஏறக்குறைய முழுதாக வந்தது. அங்கங்கே சில நொடிகள் உடைந்திருந்தன, அவ்வளவுதான். மகளின் ஃபோல்டரைத் திறந்து, எந்த வயசு முதலில் வேண்டும் என்று கேட்டேன். "கைக்கொழந்தையா இருந்தது," என்றார் அக்கா. அமைப்பை மாற்றவில்லை, அதே மெதுவான வேகம். இரண்டு மூன்று துண்டுகள் வந்தன. ஒன்றில், அலுமினியப் பேசினில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார் ஒரு இளம்பெண். "தண்ணி ஆறுது, கேமராவ வச்சுட்டுத் துண்ட எடுங்க," என்று அதட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் குரல்தான் அது, இன்னும் கூர்மையாக.

அதற்கடுத்த துண்டில் டிஸ்க் விடாமல் சுண்ட ஆரம்பித்தது. நான் பொத்தானுக்குக் கையை நீட்டுவதற்குள் சுழற்சியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி முயன்றேன். பெட்டி, இடப்பக்கம் எதுவும் மாட்டப்படவில்லை என்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க அக்கா."

அவர் கணவரைப் பார்த்தார். "ஊர்க்காரவுகளுக்கு முழுக் கல்யாணமும் வந்துருச்சு. எம்மவளுக்கு ஒரு குளியலு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் அவர் வாயோரம் வழிந்திருந்த டீயைத் துடைத்தார். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தார். "எந்திரிங்க, ஜீப்பு போயிரும்," என்றார். டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவருக்குத் தோளைக் கொடுத்துப் படியிறங்கினார்.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு வேலை ஓடவில்லை. கோயம்புத்தூருக்குப் போகச் சொல்லி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ, வேகத்தை இன்னும் குறைத்திருக்கலாமோ என்று மனது அதையே சுற்றியது. என் கணவர், "நீ என்ன, டாக்டரா?" என்று கேட்டார். டாக்டராக இருந்தால் எளிது, யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு ஏதாவது விதி எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் இனி வரமாட்டார்கள் என்றுதான் எண்ணினேன். வந்தார்கள். சந்தை நாளன்று, காய்கறிப் பையோடு.

"அந்தப் பிள்ள போன் பண்ணுச்சு," என்றார் அக்கா. "எப்பவும் போல எடுக்காம விட்டுருக்கலாம். எடுத்துட்டேன். உங்கப்பா இதுல இருக்காரும்மான்னு சொல்லிட்டேன். எப்ப வந்து வாங்கிக்கலாம்னு கேக்குது. இவுகளால ஒரு கையில வெட்ட முடியாது. நீ செஞ்சு தர்றியா?"

கல்யாண வீடியோ வெட்டி எனக்குப் பழக்கமில்லை. அவர் சொல்லிக்கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது, அவரால் சொல்ல முடியாதே. ஓடும்போது இடது விரலால் மேசையைத் தட்டுவார், அங்கே வெட்ட வேண்டும். என் கையைத் தள்ளிவிட்டால் தொடக்கூடாது. சில மதியங்கள் அப்படிப் போயின. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார், யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்வார். அப்பா இலைக்கட்டோடு போகிற இடம் வந்தது. சரியாகத் தாலி கட்டுவதற்கு முன்னால் அது வருகிறது, ஓட்டம் தடைபடுகிறது. நான் அதைப் பந்திக் காட்சிகளுக்குத் தள்ளப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார். பாதியாவது குறைக்கலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்," என்றார். இம்முறை அது எந்தக் குழப்பமும் இல்லாத தமிழ்.

மணப்பெண் போடியிலிருந்து கணவனோடு பஸ்ஸில் வந்து வாங்கிப் போனாள். அவளுக்கு என்னைத் தெரியாது, தட்டிக்கு அந்தப் பக்கமே நின்றாள். "அப்பா பேசறது இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். இங்கேயே போட்டுக் காட்டவா என்றேன். வேண்டாம், அம்மாவோடு சேர்ந்து பார்க்கணும் என்று சொல்லி, பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த டிஸ்க்கை அக்காவின் மகளே பிறகு கோயம்புத்தூர் லேப்பில் கொடுத்துப் பார்த்தாள். உள்ளே தகட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். டிஸ்க் தரையில் விழுந்தபோதே கீறல் பட்டதா, என் மேசையில் ஓடும்போது பட்டதா என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்டு அனுப்பவில்லை.

போன மாதம் அக்கா புதுக் கைப்பேசி வாங்க வந்தார். முன்பு நான் பழையதில் ஏற்றிக் கொடுத்திருந்த குளியல் வீடியோவைப் புதியதுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டிருக்கலாமோன்னு இப்பவும் தோணுதுங்க அக்கா."

அவர் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கேட்டிருந்தா அந்தப் பிள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்? கேக்காததுக்கு இப்ப எம்மவ மூஞ்சில முழிக்க வேண்டியிருக்கு. அவ ஒண்ணும் சொல்றதில்ல. எனக்குத்தான் மனசு ஆற மாட்டேங்குது," என்றார். பிறகு கைப்பேசியை வாங்கி, சத்தத்தைக் கூட்டுவது எந்தப் பொத்தான் என்று கேட்டார்.